கிணறு இருந்த பாதி

அருப்புக்கோட்டையில் அந்த வீட்டை வாங்கியதற்கான காரணங்களைப் பலரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். பழைய வீட்டின் சுவர் கனமானது, கோடையில் வெக்கையை உள்ளே விடாது என்றேன். பிள்ளைகளின் படிப்புக்கு டவுன் வசதி என்றேன். நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளி திருச்சுழியில் இருந்தது. அங்கே போக அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் பிடிப்பது எளிது என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றில் ஒன்றுகூட முதற்காரணம் அல்ல. என் மனைவியின் தங்கை கணவர், என் சகலை, அந்த வீட்டின் கிழக்குப் பாதியை வாங்கினார். அதனால் நான் மேற்குப் பாதியை வாங்கினேன்.

வீடு பாதிகளாக இருந்ததற்கு ஒரு கதை உண்டு. பருத்தி வியாபாரத்தில் செழித்த ஒரு குடும்பம் கட்டியது அது. அடுத்த தலைமுறையில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒத்துவரவில்லை. முற்றத்தின் குறுக்கே ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றை எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். வேலைப்பாடு நிறைந்த தேக்கு நிலையும் கதவும் அண்ணனின் கிழக்குப் பாதிக்குப் போயின. கிணறு தம்பியின் மேற்குப் பாதியில் நின்றது. பிறகு இரு குடும்பங்களும் வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட, வீடு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது.

விற்பனைக்கு வந்தபோது தரகர் முதலில் அழைத்துச் சென்றது என்னைத்தான். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அறுபதுகளின் பிற்பகுதி, நல்ல வெயில் காலம். கதவைத் திறந்ததும் வௌவால் நாற்றம் முகத்தில் அடித்தது. காரைத் தளத்தில் இரண்டு இடங்களில் வானம் தெரிந்தது. கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். அது இழுத்த இழுப்பில் தெற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. என் சுண்டுவிரல் அதில் தாராளமாக நுழைந்தது. கட்டைகளில் கறையான் மண் கோடு போட்டிருந்தது.

“இதை வாங்குகிறவனுக்கு வௌவால் வளர்க்கும் ஆசை இருக்க வேண்டும்” என்றேன் தரகரிடம். இந்த வாசகம் எனக்கே பிடித்துப் போனதால் மறுநாள் பள்ளியிலும் சொன்னேன். சக ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து என் சகலை கிழக்குப் பாதியை வாங்கிவிட்டதாக மனைவி சொன்னாள்.

அவரைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை வைத்திருந்தார். என்னை ‘அண்ணே’ என்றுதான் அழைப்பார். நான் நின்றுகொண்டிருந்தால் அவர் உட்கார மாட்டார். நானோ மதுரையில் கல்லூரியில் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவன். பாலவனத்தத்தில் இருந்த மாமனார் வீட்டில் பந்தியில் முதல் இலை எனக்குத்தான் விழும். மாமனாருக்கு ஆண் பிள்ளை கிடையாது. இரண்டு பெண்கள் மட்டுமே. மூத்த மாப்பிள்ளை என்ற இடம் அந்த வீட்டில் மகனின் இடத்துக்குச் சமம். அந்த இடத்தில் ஒரு குறையும் இல்லாமல் பத்தாண்டுகள் இருந்துவிட்டேன்.

அவர் பாதியைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். நான் பார்த்தபோது புழுதி படிந்து கறுத்துக் கிடந்த அதே தேக்கு நிலையை, கொட்டாங்கச்சியால் சுரண்டிக் கழுவி எண்ணெய் தடவியிருந்தார்கள். தாமரை மொட்டும் கொடியும் கிளியுமாக மரம் முழுவதும் செதுக்கல். அத்தனையும் அன்றும் என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. சகலை சாரத்தின் மேல் குந்தியிருந்தார். தலையில் துண்டு, மீசையில் சுண்ணாம்பு. என்னைக் கண்டதும் இறங்கி ஓடி வந்தார்.

“வாங்கண்ணே, வாங்க. இந்தச் செவத்தைத் தொட்டுப் பாருங்க. முழங்கை நீளம் கனம். இந்தக் காலத்துல எவன் இப்படிக் கட்டுவான்? வெளிய நெருப்பு கொட்டுது, உள்ள பாருங்க, பானைத் தண்ணி மாதிரி இருக்கு.”

தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. எனக்குள் ஏதோ கருகியது.

அந்த மாதமே மேற்குப் பாதிக்கு முன்பணம் கொடுத்தேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: “நீங்க வீடு வாங்குறீகளா, இல்ல அவுக வீட்டுக்குப் பக்கத்து வீட்டை வாங்குறீகளா?”

“கிணறு இந்தப் பக்கம் இருக்கிறது” என்றேன். அருப்புக்கோட்டையில் அந்தப் பதிலுக்கு மேல் எவரும் பேச முடியாது. வீட்டுக்குள் கிணறு என்றால் ஊரில் பாதிப் பேர் பெருமூச்சு விடுவார்கள். கதவு அவருக்கு இருக்கட்டும். தண்ணீருக்கு அவர் என் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததை இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

நான் நினைத்தபடியே அவர் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“அண்ணே, பூச்சு வேலை தொடங்கணும். கெணத்துல நம்மாளுக ரெண்டு மாசம் எறைச்சுக்கிடலாமா? கயிறு, வாளி எல்லாம் எங்கள்துதான். ஒங்க வேலைக்கு எடைஞ்சல் இல்லாம விடியுமுன்ன எறைச்சு முடிச்சிருவாங்க.”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். “கோடையில் ஊற்று குறைந்துவிடும், தம்பி. என் வேலைக்கே போதுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்” என்றேன்.

கிணற்றில் அப்போது மூன்று ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தது. அவர் எட்டிப் பார்க்கவில்லை.

“அதுவும் சரிதாண்ணே. நான் ஊரணியில வண்டி வச்சு அடிச்சுக்கிறேன்” என்றார். பழத்தை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவர் வாசலில் ஊரணிக் குளத்துத் தண்ணீர் வண்டிகள் வரிசையாக நின்றன. மாடுகள் மூச்சிரைக்க வரும். பீப்பாயிலிருந்து தெருவெல்லாம் சிந்திக்கொண்டே வரும். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அந்த ஈரத்தை மிதித்துக்கொண்டு போவேன். சுகமாக இருந்தது.

என் வேலைக்கு மதுரையிலிருந்து கொத்தனார் வரவழைத்தேன். உள்ளூர் ஆட்களை அவர் வைத்திருந்ததால் எனக்கு வெளியூர் ஆள் தேவைப்பட்டார். தளத்தைப் பிரித்துக் கறையான் தின்ற கட்டைகளை இறக்கினோம். வெளியே பார்க்க முழுதாக இருந்த ஒரு கட்டை, ஆள் தோளில் வைத்ததும் அவல் போல் உதிர்ந்தது. விரிசல் விழுந்த சுவரின் அடியைத் தோண்டிக் கருங்கல் கொடுத்தோம். பழைய வீடு நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓரிடத்தைச் சரிசெய்தால் அடுத்த இடம் கைநீட்டும். விடுமுறை நாட்களிலெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டி நின்றேன். இவ்வளவுக்கும் நடுவில், நேர்மையாகச் சொன்னால், அந்த வீட்டின் மேல் எனக்கு உண்மையாகவே ஆசை பிறந்துவிட்டது. மாலை வெயில் முற்றத்தில் சாய்ந்து விழும் ஒரு நேரம் உண்டு. அப்போது யாருடனும் போட்டியில்லாமல் சற்று நேரம் இருந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்கும்வரை.

பூச்சு தொடங்கியது. சுண்ணாம்பை மாடு கட்டி அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரில் குழைத்தார்கள். எல்லாத் தண்ணீரும் என் கிணற்றிலிருந்து. பந்தல்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற சித்தாள் அம்மாள் ஒருத்தி, இரண்டாம் நாள் வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“வாத்தியாரய்யா, இந்தத் தண்ணி ஆகாது.”

“ஏன்?”

“கரிக்குது. எங்க ஊர்ல ஒரு வீட்டுல இந்த மாதிரித் தண்ணியில பூசி, வருசம் திரும்புமுன்ன செவரெல்லாம் பூத்துப் போச்சு. தொட்டா மாவு கொட்டுது. பக்கத்து வீட்டு முதலாளி ஊரணித் தண்ணி அடிக்கிறாகல்ல, அந்த வண்டியில ரெண்டு வாங்கிக்கிருங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேனோ என்னவோ. கிணற்று நீர் சற்றுக் கரிக்கும் என்பது எனக்கும் தெரியும். குடிக்க மட்டும் ஆகாது, மற்றதற்கெல்லாம் ஆகும் என்று வைத்திருந்தேன். ஆனால் அவருடைய வண்டிக்காரனை நான் கூப்பிட்டால், நான் அவருக்குத் தர மறுத்த கிணற்றின் தண்ணீரே உதவாது என்று தெரு முழுவதும் தெரிந்துவிடும். சுண்ணாம்பின் இயல்பைப் பற்றி அவளுக்கு ஒரு விளக்கம் கொடுத்தேன். வகுப்பில் கொடுப்பது போலவே கொடுத்தேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

“அப்படியா சங்கதி” என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். மதுரைக் கொத்தனார் எனக்குச் சாதகமாகத் தலையாட்டினார். அவருக்கு இந்த ஊர்த் தண்ணீர் தெரியாது.

ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்புக்கு நான் செய்து காட்டுகிற சோதனை ஒன்று உண்டு. கிணற்று நீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி வற்றக் காய்ச்சினால் அடியில் வெள்ளையாக உப்பு நிற்கும். அந்த ஆண்டும் செய்து காட்டினேன், பள்ளிக்கூடத்துக் கிணற்று நீரை வைத்து.

ஆவணியில் இரு வீடுகளிலும் ஒரு வார இடைவெளியில் பால் காய்ச்சினோம். என் வீடு வெளிர்நீலத்தில் பளிச்சென்று இருந்தது. உறவினர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “இது படிச்சவுக வீடு, பாத்தாலே தெரியுது” என்று ஒரு பெரியவர் சொன்னார். அந்தச் சொல்லை நான் பல நாள் வைத்திருந்தேன். மாமனார் தம் பங்குக்கு, தை மாதத்தில் தமது அறுபதாம் கல்யாணத்தை டவுனிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். பாலவனத்தத்தில் அவருடைய வீடு சிறியது. “மூத்த மாப்பிள்ளை வீட்டுல வைக்கிறதுதான் மொறை” என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். நான் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். ஓரக்கண்ணால் சகலையைப் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. கார்த்திகை முடிந்து வெயில் வந்ததும், நீலத்தின் மேல் ஆங்காங்கே பனி படிந்தது போல் வெண்மை தெரிந்தது. விரலால் துடைத்தேன், போய்விட்டது. மறுநாள் காலை முன்னைவிட அதிகமாக வந்திருந்தது. ஒரு வாரத்தில் நீலம் செதில் செதிலாக எழும்பியது. தொட்டால் மாவு கொட்டியது, அந்த அம்மாள் சொன்னபடியே. ஒரு புட்டியில் கிணற்று நீரைப் பிடித்து, துண்டில் சுற்றித் திருச்சுழி பஸ்ஸில் கொண்டுபோனேன். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்துக்குப் போன பிறகு, ஆய்வறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிண்ணத்தில் காய்ச்சினேன். அடியில் நின்ற வெள்ளை வளையத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிண்ணத்தை நானே கழுவி வைத்தேன்.

அதன்பின் ஒவ்வொரு விடியலிலும் சுரண்டுவதும் பெருக்குவதுமே எனக்கு வேலையாயிற்று. வாசலுக்கு நேரே தெரிகிற சுவர்களில் நாட்காட்டி மாட்டினேன். பீரோவை நகர்த்தினேன். முற்றத்துப் பொதுச்சுவரில்தான் பூப்பு மிக மோசம். அங்கே என் பட்டமளிப்பு விழாப் படத்தைத் தொங்கவிட்டேன். கறுப்பு அங்கியும் சுருட்டிய பட்டமுமாக நான் நிற்கும் படம். அது மறைக்க வேண்டிய இடத்தின் அளவுக்குச் சரியாக இருந்தது.

மார்கழியில் மாமனார் ஏற்பாடுகளைப் பேச வந்தார். மேல்சட்டை போடும் பழக்கம் அவருக்கில்லை. நான் நாற்காலி கொண்டு வருவதற்குள், “இருக்கட்டும் மாப்பிள்ளை” என்று தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துவிட்டார். அரைமணி நேரம் பேசினார். சமையல் ஆள், மணை, மாலை எல்லாம் பேசினோம். பிறகு சின்ன மகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குப் போனார். எழுந்து திரும்பியபோதுதான் அவர் முதுகைப் பார்த்தேன். கூப்பிட்டுத் துடைத்துவிட வேண்டும். என்ன சொல்லித் துடைப்பது என்று யோசிப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

ஒற்றைச் செங்கல் சுவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. என் கொழுந்தியாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

“என்னப்பா இது, முதுகெல்லாம் விபூதி? எந்தக் கோயில்ல உருண்டுட்டு வாரீக?”

“கோயிலா? ஒங்க அக்கா வீட்டுச் செவருதாம்மா பூசி விட்டுருக்கு.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “மச்சானுக்குத் தெரியுமா? தெரிஞ்சா செவத்தைப் பெஞ்சு மேல ஏத்திருவாக.”

“ஏய், சும்மா இரு” என்று சகலை அதட்டுவது கேட்டது. அந்தச் சிரிப்பைவிட அந்த அதட்டல்தான் எனக்கு வலித்தது.

மாமனார் திரும்பி வந்தபோது முதுகு சுத்தமாக இருந்தது. நின்றபடியே சொன்னார். “மாப்பிள்ளை, ஒண்ணும் நெனைச்சுக்கக் கூடாது. வாரவுக பட்டும் சரிகையுமா வருவாக. முன்ன நிக்கிறது நீங்கதான், அதுல மாத்தமில்ல. எடம் மட்டும் அங்கின இருக்கட்டும்.”

“உங்கள் விருப்பம், மாமா” என்றேன். என் குரலில் எந்த மாற்றமும் இல்லை என்று பிறகு மனைவி சொன்னாள். அதற்காக மட்டும் இன்றும் பெருமைப்படுகிறேன்.

தையில் அந்த நாள் வந்தது. சகலை வீட்டுச் சுவர்களில் ஊரணி நீரில் குழைத்த பூச்சு முட்டை ஓடு போல் வழவழவென்று நின்றது. குளத்தின் கலங்கல் நீரில் இதை எப்படிச் செய்தாரோ என்று பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சந்தேகம் வலுத்தது. இவருக்குத் தண்ணீரைப் பற்றி முன்பே தெரியும். நான் மறுப்பேன் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார். என்னை மறுக்க வைத்து வென்றிருக்கிறார். விருந்தினர் வருவதற்கு முன், சமையல் அண்டாவின் பக்கத்தில் அவர் தனியாக நின்றபோது கேட்டுவிட்டேன்.

“தம்பி, அந்தக் கிணற்று நீர் உப்பு என்பது உங்களுக்கு அப்போதே தெரியுமா?”

அவர் திகைத்தார். “எனக்கு எங்கண்ணே தெரியும்? கெணத்துத் தண்ணி கெடைக்காதான்னு ஏங்கித்தான வந்தேன்.” பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “நீங்க குடுத்திருந்தா என் செவரும் பொரிஞ்சுருக்கும்ணே.”

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவருடைய அழகான சுவர்கள் அத்தனையும் என் கைவேலை என்று அவர் வாயாலேயே நன்றி சொன்னது போல் இருந்தது.

முற்றத்தில், பொதுச்சுவரை ஒட்டி, மணை போட்டார்கள். இடம் போதவில்லை என்று, அந்தச் சுவரோரம் மூட்டைகள் அடுக்கியிருந்த மரப்பலகையை இரண்டு பேர் அகற்றினார்கள். அகற்றிய இடத்தில் என் தோளுக்குச் சற்றுக் கீழே, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்மை.

யாரும் கவனிக்கவில்லை. நான் கண்டுகொண்டேன். இரண்டு மாதமாக ஒவ்வொரு விடியலிலும் நான் பார்த்து வந்த முகம் அது.

முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சி. வேறு சொல் போட்டு எழுத முடியாது. அவர் சுவரும் பூக்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் பட்டும் சரிகையுமாக நூறு பேர் வந்து இதற்கு எதிரே உட்காரப் போகிறார்கள். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சற்றுத் தள்ளி நின்றால் போதும்.

அப்புறம் அளவு பார்த்தேன். கதவிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எவ்வளவு உயரம். அந்தப் பக்கம் இதற்கு நேரே என் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. அந்தச் சுவரின் என் பக்கத்தில் நான் பூசிய உப்பு, ஒற்றைச் செங்கலைத் துளைத்து இந்தப் பக்கம் வந்திருக்கிறது.

மாமனாரும் மாமியாரும் மணையில் அமர்ந்தார்கள். “மூத்த மாப்பிள்ளை முன்ன வாங்க” என்றார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் போய், சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். கலச நீர் ஊற்றிய போதும், மாங்கல்யம் எடுத்துக் கொடுத்த போதும், கைக்கெட்டிய தூரத்தில் நின்றே செய்தேன். இரண்டு அடி நகரவில்லை. சகலையின் மானத்துக்காக நின்றேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவும் நின்றேன். எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து பந்திக்கு எழுந்தபோது என் கொழுந்தியாள் பின்னாலிருந்து கூவினாள். “மச்சான், பட்டுத் துண்டெல்லாம் வெள்ளை! ஒங்க வீட்டுச் செவத்துல சாஞ்சுட்டே வந்தீகளாக்கும்?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பு என் வீட்டைப் படித்தவர் வீடு என்று சொன்ன பெரியவரும் சிரித்தார். அவர்கள் வீட்டுச் சுவரைக் காட்ட எனக்கு ஒரு விரல் போதும்.

“ஆமாம்” என்றேன்.

சகலை சிரிக்கவில்லை. அவர் என் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் துண்டை எடுத்து என் முதுகைத் தட்டிவிட்டார். “வாங்கண்ணே, எல போட்டாச்சு” என்றார். முதல் இலை எனக்குத்தான் போட்டிருந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் என் சுவர்களைச் செங்கல் தெரியக் கொத்திவிட்டு மறுபடி பூசினேன். வண்டி அனுப்புவதாக அவர் சொல்லியனுப்பினார். வேண்டாம் என்றேன். அவர் தண்ணீர் எடுத்த ஊரணியைவிடத் தொலைவில் இருந்த வேறோர் ஊரணியிலிருந்து, வேறொரு வண்டிக்காரனை வைத்துத் தண்ணீர் அடித்தேன். பொதுச்சுவரை மட்டும் தொடவில்லை. ஒற்றைச் செங்கல், கொத்தினால் அந்தப் பக்கம் அதிரும். படம் அங்கேயே தொங்குகிறது. அதன் கீழ்ச்சட்டத்தில் உப்பேறி, என் பாதங்கள் இருந்த இடம் வெளுத்துவிட்டது.

விழாவுக்கு மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனபோது, அந்த வெண்மை இருந்த இடத்தை மறைத்து ஒரு மர பீரோ நின்றது. இவ்வளவு ஆண்டுகளில் அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.